தடங்கலுக்கு வருந்துகிறோம்

அப்பா வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் டிவியில் வந்தார். மெட்ராஸ் தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில், ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் மிளகுக் கொடி படரவிடுவதைப் பற்றிப் பேசினார். நான்கு நிமிடம் பத்து விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்து அவரே எண்ணி வைத்திருந்தார், சாகும்வரை அந்தக் கணக்கைச் சொல்வார். அது பதிவான வீடியோ கேசட் முப்பத்துமூன்று வருடம் எங்கள் மலைவீட்டு ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாகக் கிடந்தது. இன்று அதில் மிஞ்சியிருப்பது இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. மீதியைப் பூஞ்சை தின்றுவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜத்தில் தின்றது என் அவசரம்தான். ஏழு மாதமும் 19,100 ரூபாயும் போனது. கேசட்டைத் தொடுவதற்கு முன் யாராவது ஒருத்தர் "இரு, போட்டுப் பார்க்காதே" என்று சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம் என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே, நாகலூர் பக்கம். நான்கு ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. 1986-ல் அப்பா ஒரு சாலிடேர் கருப்பு வெள்ளை டிவி வாங்கினார், மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் ஷட்டர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். டிவியைவிட ஆண்டெனாவுக்குத்தான் அதிக பாடு. முப்பது அடி ஜிஐ பைப், உச்சியில் பூஸ்டர், காற்றடித்தால் அண்ணன் வெளியே நின்று திருப்ப, நான் ஜன்னலில் நின்று "இப்போ சரி, இப்போ போச்சு" என்று கத்த வேண்டும். முதலில் வடக்கே திருப்பி வைத்திருந்தோம். பெங்களூர் தூர்தர்ஷன் 1981-லேயே தொடங்கிவிட்டது, மழை இல்லாத ராத்திரிகளில் புள்ளி புள்ளியாகக் கன்னடம் வரும். மெட்ராஸ் நிலையம் அதற்கும் முந்தியது, 1975 ஆகஸ்ட் 15. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து எங்களுக்கு எட்டவில்லை. எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானலில் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் ஆண்டெனாவைத் தெற்கே திருப்பினோம். நடுவில் 180 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனாலும் இரண்டும் மலை உச்சி, இடையில் மறைக்க எதுவும் இல்லை. ஒரு மலை பேசியதை இன்னொரு மலை நேராகவே கேட்டது. அன்றைக்கு 'ஒளியும் ஒலியும்' தெளிவாக வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

தூர்தர்ஷன் என்றால் இன்றைக்கு எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவையும் புராணத் தொடர்களையும் பேசுகிறார்கள். அதன் மூத்த பிள்ளைகளில் ஒன்று விவசாய நிகழ்ச்சி. 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் வானொலியின் ஒரு சின்னக் கிளையாக, சோதனை முயற்சியாகத் தூர்தர்ஷன் தொடங்கியது. தினசரி ஒளிபரப்பே 1965-ல்தான் வந்தது. 1967 குடியரசு தினத்தன்று டெல்லியைச் சுற்றி எண்பது கிராமங்களுக்காக 'கிருஷி தர்ஷன்' ஆரம்பித்தார்கள், ஊர்ப் பொதுவில் ஒரு டிவி, சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டியது. பம்பாய்க்கே டிவி வந்தது 1972-ல் என்பதை நினைத்துப் பாருங்கள். வானொலியிலிருந்து தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது 1976-ல், கலர் வந்தது 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடம். ஆக, தொடர்கள் வருவதற்கு வெகு முன்பே உர மூட்டையும் பூச்சி மருந்தும் திரையில் வந்துவிட்டன. 'வயலும் வாழ்வும்' அந்த வம்சம். எங்கள் தெரு முழுக்க அதை "அறுவை" என்று சொல்லி எழுந்து போகும், அப்பா மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

அந்த அப்பாவைத் தேடியே அவர்கள் வந்தார்கள். டிசம்பர் மாதம், காபிப் பழம் பறிக்கிற நேரம். ஒரு வேனில் நான்கு பேர். ஒருவர் தோளில் கேமரா, இன்னொருவர் தோளில் பதிவுப் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் கேபிள். சரிவில் மாடும் கன்றும் ஒரே கயிற்றில் போவது போல இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அரை நாள் எடுத்தார்கள். பிறகு தேதி சொல்லி ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. எங்களிடம் டெக் கிடையாது (வீடியோ பிளேயரை அப்போது எல்லோரும் டெக் என்றுதான் சொல்வோம்). பக்கத்து எஸ்டேட் மேனேஜர் தன் வீட்டு டெக்கில் பதிந்து தருவதாகச் சொன்னார். அன்றைக்கு லைன் வீட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் எல்லாம் எங்கள் கூடத்தில். நிகழ்ச்சி தொடங்கி, அப்பா வரப்போகிற நேரம் பார்த்துத் திரையில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்". அப்பா எழுந்து ஆண்டெனாவைப் பார்க்க வெளியே ஓடிவிட்டார். படம் திரும்ப வந்தபோது டிவிக்குள் அப்பா இருக்கிறார், நாற்காலியில் இல்லை. "ஐயோ, வாங்க வாங்க" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவர் பேசிய முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது 2023 ஜூலைக்கு வருகிறேன். அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. அம்மா என்னோடு சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறார். மலைவீட்டு ஓட்டை மாற்ற வேண்டியிருந்ததால் பெட்டிகளை இறக்கினோம். ட்ரங்குப் பெட்டியின் அடியில் பதினொரு கேசட். ஒன்றில் மட்டும் அப்பா கையெழுத்தில் "வயலும்" என்று பாதிச் சொல். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாக, மாவு தூவியது போல இருந்தது. தூசி என்று நினைத்தேன். இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டியது இதுதான்: கேசட் சுருளில் வெள்ளைப் பொடியோ, சிலந்தி வலை போல இழையோ, ஓரங்களில் திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அது தூசி இல்லை, பூஞ்சை. ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி மாதிரி வருடத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள் வருகிற ஊரில் பெட்டிக்குள் வைத்த கேசட்டில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மூக்கருகே கொண்டுபோனால் ஈர மண் வாசனை அடிக்கும். அந்தக் கேசட்டை எந்த மிஷினிலும் போடக்கூடாது. டேப் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கிழியும். கிழியாவிட்டாலும் பூஞ்சை மிஷினின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கிற பகுதி) ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டையும் கெடுக்கும்.

எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவின் திதிக்கு அம்மாவிடம் போட்டுக் காட்ட வேண்டும் என்ற ஒரே வெறி. ஆன்லைன் விளம்பரம் பார்த்து ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் 6,500 ரூபாய்க்குப் பழைய டெக் வாங்கினேன். அவர் நல்ல மனிதர், டெக்கும் நல்ல டெக். தப்பு என்னுடையது. சாயங்கால மழையில் மலையிலிருந்து கேசட்டோடு இறங்கினேன், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் டெக்கில் போட்டேன். மேலே ஜில்லென்று இருந்த கேசட், கீழே சேலத்துப் புழுக்கத்தில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்க்கிற மாதிரி டேப்பும் வியர்க்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்தால் ஒரு முழு நாளாவது மூடிய பையிலேயே வைத்திருந்து அப்புறம்தான் வெளியே எடுக்க வேண்டுமாம்.

பிளே அழுத்தினேன். கேசட்டை யாரோ பாதியில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள், நேராக அப்பாவே வந்தார். நாற்பது வயது அப்பா. "மிளகுக்கு நிழலும் வேணும், வெளிச்சமும் வேணும்" என்று கையை ஆட்டிச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வாயடைத்துவிட்டது, அம்மாவைக் கூப்பிடவும் தோன்றவில்லை. அவ்வளவுதான். கீச்சென்று ஒரு சத்தம், முகம் ஒரு பக்கமாக வளைந்து, திரை நீலமாகிவிட்டது. எஜெக்ட் அழுத்தினால் கேசட் வெளியே வருகிறது, டேப் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் இழுத்தேன். இழுத்தால் இன்னும் வருகிறது, மடிந்து கசங்கி, இடியாப்பம் மாதிரி. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. டெக்குக்குள் ஒரு உருளை இருக்கிறது, அது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும், அந்த வேகத்தில்தான் டேப்பைத் தடவிப் படத்தை எடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஈரமான டேப் அதில் ஒட்டினால் கண் இமைப்பதற்குள் சுற்றிக்கொள்ளும். சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி, டேப்பை விரலால் மெதுவாக உருளையிலிருந்து விடுவிக்கலாம். பத்து நிமிட வேலை. எனக்குப் பத்து விநாடிகூடப் பொறுமை இல்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் சேலத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், "பழைய கேசட்டுகளை பென்டிரைவில் ஏற்றித் தரப்படும்" என்று போர்டு. 1,500 ரூபாய் முன்பணம், பத்து நாள். திரும்பக் கிடைத்தது பதினொரு விநாடிப் படம். அதிலும் அப்பா முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி, பூசணிக்காயாக இருந்தது. அந்தக் கால டிவி நாலுக்கு மூன்று அளவு, அதை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். யாரிடம் கொடுத்தாலும் "இழுக்க வேண்டாம், இரண்டு பக்கமும் கருப்பாக இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லிக் கொடுங்கள். அதைவிடக் கொடுமை, கசங்கிய பகுதியை அவர்கள் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். வெட்டின துண்டைக் கேட்டேன். "அது குப்பைக்குப் போயிடுச்சுக்கா" என்றான் அந்தப் பையன். அவனைத் திட்டி என்ன செய்வது, அவன் பிறந்தபோது வீடியோ கேசட் என்கிற பொருளே கடையில் இருந்திருக்காது. செல்லோ டேப்பின் பசை நாளாக ஆக வெளியே கசிந்து மற்ற சுற்றுகளிலும் ஹெட்டிலும் ஒட்டும். ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது, அதையும் பதிவு இல்லாத பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். எந்தக் கடையாக இருந்தாலும் முதலில் உங்களுக்குத் தேவையில்லாத ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். என்னிடம் பத்து இருந்தன, கொடுத்தது அந்த ஒன்றை. ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் போடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

நொந்துபோயிருந்த அந்த நேரத்தில்தான் மூன்றாவது அடி. ஒரு கல்யாணத்தில் தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், "மாஸ்டர் டேப் தூர்தர்ஷனிலேயே இருக்கும்மா. உள்ளே நமக்கு ஆள் இருக்கு, எடுத்துடலாம்" என்றார். மூழ்குகிறவளுக்கு அது போதும். முதலில் 5,000 அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து "டேப் கெடச்சிருச்சு, சுத்தம் பண்ண 3,000" என்றார், அதையும் அனுப்பினேன். அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். அவருக்கு உள்ளேயும் ஆள் இல்லை, வெளியேயும் இல்லை. வெட்கத்தில் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணன் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

நான் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஊரடங்கு காலத்தில், 2020-ல், பழைய ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் தூர்தர்ஷன் மறுபடி போட்டது. பளிச்சென்று இருந்தன. அதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும், அந்தக் காலத்தில் ஒளிபரப்பானது எல்லாம் எங்கோ ஒரு அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் தொடர்களை எடுத்தவர்கள் வெளித் தயாரிப்பாளர்கள். அவர்களுக்கு அது சொத்து, பாதுகாத்து வைக்கக் காரணம் இருந்தது. தினமும் வருகிற செய்திக்கும் விவசாய நிகழ்ச்சிக்கும் அப்படிச் சொந்தக்காரர் யார்? அந்தக் காலத்தில் பதிவு டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த வழக்கம், லண்டனிலும் அதேதான் நடந்தது. அதற்கும் முந்தைய வருடங்களில் பல நிகழ்ச்சிகள் நேரடி ஒளிபரப்பு, பேசியது காற்றோடு போனது. ஆகவே எங்கோ ஒரு வீட்டில் யாரோ டெக்கில் பதிந்த கேசட்டுதான் ஒரே பிரதி என்பது ரொம்பச் சாதாரணம். இடைத்தரகரிடம் போகாதீர்கள். முதலில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் ஏற்றியிருப்பதைத் தேடுங்கள், காசில்லை. தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும், தலைப்பு எப்படி வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நான் பல ராத்திரி தேடினேன். என் அப்பா கிடைக்கவில்லை. யார் யாரோ கச்சேரி செய்தார்கள், பேசினார்கள், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே பேட்டி கொடுத்தார்கள். தூக்கம் கெட்டாலும் அந்த நேரம் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு தோழி அம்மாபேட்டையில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாள். எண்பதுகளில் சேலம் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர், இப்போது எழுபது தாண்டியிருக்கும். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன அறை, அதில் மூன்று டெக். கேசட்டை வாங்கியதும் மோந்து பார்த்தார். "போட்டுப் பார்த்தியாம்மா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். "எல்லாரும் பார்த்துட்டுத்தான் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாகக் கேசட்டின் முதுகில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தார். எனக்குப் பக்கென்றது. அது இருக்கும்வரை யாராவது தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் பதிவின் மேல் பதிவாகிவிடும், உடைத்துவிட்டால் ஆகாது. உங்கள் கையில் கேசட் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுவே, காசும் வேண்டாம், திறமையும் வேண்டாம்.

அப்புறம் கேசட்டின் அடியில் இருக்கும் ஐந்து திருகுகளைக் கழற்றி இரண்டு சுருளையும் வெளியே எடுத்தார். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதில் இரண்டு வாரம் வைத்தார். போன் தண்ணீரில் விழுந்தால் செய்வது போல அரிசியில் வைக்கலாமா என்று கேட்டேன். "அரிசிமாவுத் தூசியை எவன் துடைக்கிறது" என்றார். காய்ந்த பிறகு மாடியில், வெட்டவெளியில், முகமூடி போட்டுக்கொண்டு, நூல் பிரியாத மெல்லிய துணியால் டேப்பை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கையாலேயே ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றினோம். நான் சுற்ற, அவர் துடைக்க. அரை அங்குல அகலம், சவ்வு மாதிரி மெலிசு. துணி ஐந்து நிமிடத்தில் சாம்பல் நிறமாகும், அந்தப் பக்கத்தை மடித்துவிட்டு அடுத்த பக்கம். மூன்று சாயங்காலம் ஆனது. நடுவில் காபி கொடுத்தார், ஏற்காட்டுக்காரிக்கு அந்தக் காபியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, வேண்டாம். சுத்தம் செய்த சுருளை வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்றினார். செல்லோ டேப்பை உரித்துவிட்டுச் சரியான டேப்பில் ஒட்டினார். வெட்டுப்பட்ட முனைகளைப் பார்த்தே எவ்வளவு போயிருக்கும் என்று அவர் கணக்குச் சொன்னது எனக்கு இன்னும் வியப்பு. சாதாரண வேகத்தில் பதிந்தால் ஒரு விநாடிக்கு ஓடுவது ஏறக்குறைய 2.34 சென்டிமீட்டர். அப்பா சொன்ன நான்கு நிமிடம் பத்து விநாடியில் இருப்பதைக் கழித்தால் எண்பது விநாடி குறைகிறது. "187 சென்டிமீட்டர்மா. உன் உயரத்துக்கு மேலே ஒரு சாண்" என்றார். அதில் பாதி என் கத்தரிக்கோல், பாதி கடைப் பையனுடையது.

அவரிடம் பூஞ்சைக் கேசட்டுக்கென்றே ஒரு டெக் தனியாக இருந்தது, மற்றதைத் தொடவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் அதன் ஹெட்டை ஆல்கஹாலில் நனைத்த தாளை வைத்துத் துடைப்பார். தாளை அசைக்காமல் ஒட்டிப் பிடித்து, உருளையை மட்டும் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடாது, அதன் இழை சிக்கும். பதிவுக் கருவி தயாராக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பிளே அழுத்தினார். "முதல் ஓட்டமே கடைசி ஓட்டம்னு நெனச்சுக்க. சரியா வருதான்னு ஒரு தடவை பார்க்கலாம்ங்கிற பேச்சே கிடையாது" என்பது அவர் சொன்னதில் நான் மறக்காதது. டெக்கில் ஓடுவதைக் கணினியில் ஏற்ற நான் 1,100 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த யுஎஸ்பி கருவியை நேராக இணைத்தால், டேப் தடுமாறும் இடத்தில் எல்லாம் படம் விட்டுப்போகிறது, குரலும் உதடும் பொருந்தவில்லை. அவர் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக சிக்னலை விட்டார். ஆடிய படம் ஓரளவு நின்றது. நான் கசக்கியதில் மிஞ்சிய இடத்தில் படம் கோடு கோடாக ஓடுகிறது, ஆனால் குரல் இருக்கிறது. டேப்பின் ஓரத்தில் குரலுக்கெனத் தனித் தடம் உண்டாம். ஆகவே படம் போய்விட்டதே என்று எந்தத் துண்டையும் விட்டுவிடாதீர்கள், ஒலியை மட்டுமாவது எடுங்கள். எல்லாவற்றுக்கும் அவர் வாங்கியது 2,000 ரூபாய். கூடக் கொடுக்கப் போனேன், அடுத்த கேசட்டுக்கு வா என்று சொல்லிவிட்டார்.

கேசட் எந்த வருடத்தது என்று வீட்டில் ஒரு சண்டை உண்டு. 1987 என்பார் அண்ணன். "இவ எட்டாவது படிக்கிறப்போ" என்பார் அம்மா, அப்படியானால் 1990. தீர்ப்பு டேப்பிலேயே இருந்தது. அப்பாவுக்கு முன்னால், அழிபடாத ஒரு துண்டு ஞாயிற்றுக்கிழமை மகாபாரதம். அது தொடங்கியதே 1988 அக்டோபரில், அண்ணன் அங்கேயே அவுட். அப்பாவுக்குப் பின்னால் மேனேஜர் டெக்கை நிறுத்த மறந்திருக்கிறார், செய்தி தொடர்கிறது, வாசிப்பவர் "பிரதமர் வி.பி. சிங்" என்கிறார். அவர் பதவியேற்றது 1989 டிசம்பர் 2. அம்மா ஜெயித்தார். தேதி எழுதாத கேசட் உங்களிடம் இருந்தால், முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பரம், செய்தி, தொடர் எதையும் வெட்டித் தள்ளாதீர்கள், தேதி அதற்குள் இருக்கும். வி.பி. சிங் ஆட்சியில்தான் தூர்தர்ஷனையும் வானொலியையும் அரசிடமிருந்து விலக்கித் தன்னாட்சி தரும் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1997 செப்டம்பர் ஆனது. என் ஏழு மாதத்தை நினைத்து நான் அலுத்துக்கொள்ளக் கூடாது போல. நாங்கள் மாடியில் டேப் துடைத்துக்கொண்டிருந்த அதே 2024 ஜனவரியில் பொதிகை சேனலுக்கு டிடி தமிழ் என்று பெயர் மாறியது. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "பொதிகைங்கிற பேரே நேத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு அது இன்னும் மெட்ராஸ் டிவிதான்.

கிடைத்த கோப்பை பென்டிரைவில் மட்டும் வைத்திருக்காதீர்கள், என் பென்டிரைவ் ஒன்று இரண்டாவது வாரமே செத்தது. இப்போது ஹார்டு டிஸ்கில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று இருக்கிறது. சுருக்காத பெரிய கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சிறிய பிரதியை அப்புறம் நாமே செய்துகொள்ளலாம். மீதிக் கேசட்டுகளை முழுக்க ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு சேலம் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ட்ரங்குப் பெட்டிக்கு இனி ஏற்காட்டில் போர்வைதான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்தேன். அன்றைக்கு ஒளிபரப்பானபோது எங்கள் வீட்டில் கருப்பு வெள்ளை டிவி, பிறகு ஒரு பொங்கலுக்கு டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பார்த்ததும் அதே டிவியில்தான். கேசட்டுக்குள் மட்டும் கலர் இருந்திருக்கிறது. அப்பாவின் ஸ்வெட்டர் பச்சை, கையில் இருந்த காபிப் பழம் ரத்தச் சிவப்பு. முதலில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை வந்தது. மொத்தக் கேசட்டிலும் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாகப் பிழைத்தது அது ஒன்றுதான், நாற்பது விநாடி. பிறகு அப்பா. அன்றைக்கு அம்மா போட்ட சத்தத்தில் கேட்காமல் போன முதல் வரி, "இது எங்க அப்பா வெச்ச கொடிங்க". பிறகு பேசினார், கோடாக ஓடினார், குரலாக மட்டும் வந்தார், மறுபடி முகம், முடிந்தது. அம்மா அழுவார் என்று நினைத்து நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, எழுந்து டிவிக்குக் கிட்டே போய், அப்பாவின் தோளுக்குப் பின்னால் விரலை வைத்தார். சில்வர் ஓக் மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"டிவிக்காரங்க வர்றாங்கன்னு தெரிஞ்சும் எடுத்துப் போடாம விட்டுட்டேன் பாரு. ஊரே பார்த்திருக்கும்."